ஒண்ணு சொல்லாத அக்கா

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் காற்று போய்விட்டது என்று வருவார்கள். காற்று வேண்டும் என்று வந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். வண்டி கிடையாது, சைக்கிள் கிடையாது. இடுப்புக் கூடையில் சாமை அளக்கும் படி, கையில் பச்சை நிறத்தில் ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில், அதுவும் காலி. அதை என் பட்டறை மேஜையில் நிற்கவைத்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள காத்து புடிச்சித் தரியா?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பங்குனி வெயில் வேறு. "யக்கா, பாட்டிலுக்குக் காத்தடிச்சா வெடிச்சிப் பூடும். எழவு, மூஞ்சியெல்லாம் கிழிஞ்சிடும். போய் வேற வேல இருந்தா பாருங்க" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. கூடையிலிருந்து படியை எடுத்து மேஜையில் டொக்கென்று ஒரு தட்டு தட்டினார். விழுந்த கெட்ட சொல் ஓடிப்போவதற்காம்.

"வெடிக்கும்னு சொல்லாத தம்பி. விரியும்னு சொல்லு."

"விரிஞ்சாலும் மூஞ்சி கிழியுமேக்கா."

"அதுக்கும் ஒரு நல்ல வார்த்தையா யோசிச்சி வை. சந்தைய ஒரு எட்டு பாத்துக்கினு வந்துடறேன்" என்று பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நைனார்பாளையம் வாரச் சந்தையில் சாமையும் தினையும் விற்றவர் அவர். மாதத்துக்கு ரெண்டு தடவை வெள்ளிமலைப் பக்கம் போய் மலைக்காரர்களிடம் மூட்டையாக வாங்கி வருவார். சந்தைக்குப் போகும் வழியில் என் பஞ்சர் கடை. பேர் என்னவோ, நான் கேட்டதில்லை. ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது யாரோ பிளாஸ்டிக் குடம் அடுக்கி விற்கிறார்கள்.

தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். இது ஊருக்கெல்லாம் பொதுவான வழக்கம்தான். அளந்து முடித்ததும் மற்றவர்கள் அந்தச் சொல்லைப் படியோடு எடுத்து வைத்துவிடுவார்கள். அக்கா எடுத்து வைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால், "கள்ளக்குறிச்சி லாபம் குடுங்க" என்பார். ஒரு கண்டக்டர் சில்லறைப் பையை மூடிக்கொண்டு, "யம்மா, இந்த பஸ்ஸு ஓட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அத நாங்களும்தான் தேடிக்கினு இருக்கோம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார்.

'இல்லை' என்ற சொல்லும் அவர் வாயில் வராது. சாமை தீர்ந்துவிட்டால், "நெறஞ்சிருக்கு" என்பார். தெரிந்தவர்கள் அடுத்த வாரம் வருவார்கள். தெரியாதவர்கள், நிறைந்திருக்கிறதே என்று பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கரண்ட் போனால் கண்ணசந்திருக்கிறது. செருப்பு அறுந்தால் வாய் திறந்திருக்கிறது. ஒரு முறை மலை ஜீப்பில் போகும்போது டிரைவர், "இந்த வளைவுலதான் போன மாசம் ஒரு லோடு வண்டி..." என்று ஆரம்பித்திருக்கிறார். அக்கா ஜீப்பை நிறுத்தச் சொல்லி, மூட்டையோடு இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் மலைச்சாலையில் உட்கார்ந்திருந்தாராம்.

எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகும்? என் தொழிலே கெட்ட வார்த்தை. பஞ்சர், வெட்டு, வெடிப்பு, கிழிசல். போதாக்குறைக்கு மூச்சுக்கு ஒரு எழவு. அவர் கடையில் உட்கார்ந்திருந்தால் படி தட்டும் சத்தம் உடுக்கை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஏன் அந்தக் காரியத்தில் இறங்கினேன் என்று என் பெண்டாட்டி இன்றைக்கும் கேட்கிறாள். அந்த பாட்டில்தான் காரணம். அன்றைக்கு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. மேஜையில் நின்ற பாட்டிலுக்குள் வெயில் புகுந்து, பச்சையாக வெளியே வந்து, சுவரில் மாட்டியிருந்த டயர்கள் மேல் விழுந்திருந்தது. பொழுது சாயச் சாய அந்தப் பச்சை ஒரு டயரிலிருந்து அடுத்த டயருக்கு நகர்ந்தது. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாயங்காலம் அக்கா வந்தபோது, "இன்னாதான் செய்யணும் சொல்லுங்க" என்றேன்.

"ராக்கெட்டு" என்றார்.

போனில் யாரோ வீடியோ காட்டியிருக்கிறார்கள். மருந்து வேண்டாம், நெருப்பு வேண்டாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்குக் காற்று. வாயை அடைத்து, தலைகீழாக நிறுத்தி, காற்றை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பிடியை விட்டால் காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், பாட்டில் மேலே போகும். அவ்வளவுதான். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. காற்றின் குணம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கடையில் கிடந்ததையும் அவர் வீட்டில் கிடந்ததையும் வைத்தே செய்தோம். அடைப்புக்கு ரப்பர் தக்கை, அதன் நடுவே பழைய டியூப்லெஸ் டயரின் வால்வு. பாட்டில் கழுத்தில் வளையம் இருக்கிறதல்லவா, அதைக் கவ்விப் பிடிக்க சைக்கிள் கேரியரின் கம்பி. கம்பியில் கட்டிய கயிற்றை இழுத்தால் கவ்வி நழுவும். அக்கா தன் உடைந்த பிளாஸ்டிக் முறத்தைக் கொண்டுவந்தார். அதை வெட்டி மூன்று இறக்கை ஒட்டினேன். மூக்குக்கு ஒரு பாதி ரப்பர் பந்து, பாரத்துக்கு உள்ளே ஏரிக் களிமண். கீழே மெதுவாக இறங்குவதற்குக் கிழிந்த குடைத்துணி.

"கிழிஞ்ச குடைன்னு சொல்லாத. காத்தோட்டமான குடை" என்றார்.

முதல் தடவை விட்டது எங்கள் ஏரியில். ஏரியில் தண்ணீர்... சரி, அவர் பாஷையிலேயே சொல்கிறேன், நிறைந்திருந்தது. அதாவது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் எருமைகள், அவற்றின் காலடியில் கொக்குகள். மேற்கே மலை நீலமாகப் படுத்திருந்தது. அந்த நேரத்து வெளிச்சத்தில் ஏரித்தரை முழுவதும் வறுத்த தினை நிறத்தில் இருந்தது. பாட்டிலை நிறுத்தி, கால் பம்பால் முள் அறுபது காட்டும்வரை மிதித்தேன். இருபதடி தள்ளிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எண்ணுவது அக்கா, இழுப்பது நான் என்று ஏற்பாடு.

"அஞ்சு" என்றார் அக்கா. "நாலு. மூணு. ரெண்டு. லாபம்!"

நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். அக்கா வானத்தைப் பார்க்கிறார். நான் அக்காவைப் பார்க்கிறேன். ஒரு எருமைகூடத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா தம்பி, இழு!"

"ஒண்ணு இன்னும் வரலியேக்கா!"

"அதான் லாபம்னனே!"

"ராக்கெட்டுக்கு இன்னாக்கா லாபம் நட்டம்? ஒண்ணு சொல்லணும், அப்பறம் சைபர் சொல்லணும். சைபர்னாதான் இழுக்கறது. டிவில பாத்ததில்லியா நீங்க?"

"சைபரா?" அக்காவின் கை படியைத் தேடியது. படி வீட்டில். தட்ட வேறொன்றும் கிடைக்காமல் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "ஒரு பொருள மேல அனுப்பும்போது சைபர்னு சொல்லி அனுப்புவாங்களா? வெளங்கு..." நிறுத்திக்கொண்டார். வெளங்குமா என்று கேட்க வந்து, பாதியில் கடித்து விழுங்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவரை நோக்கி வேகமாக நடந்தேன். கையில் கயிறு இருப்பது மறந்துபோயிற்று. கயிறு இழுபட்டு, கவ்வி சாய்ந்து, ராக்கெட் படுத்த வாக்கில் புறப்பட்டது. தரையோடு தரையாக, முயல் மாதிரி, நேராக எருமைக் கூட்டத்துக்குள். எருமைகள் அசையவில்லை. கொக்குகள் மட்டும் அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்தன. நூறு இருக்கும். வெள்ளையாக எழுந்து, சூரியனுக்கு முன்னால் போனதும் கறுப்பாகி, திரும்பி மறுபடி வெள்ளையாகி, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றின. நான் தொண்டை வரை வந்திருந்த வசவை மறந்து அண்ணாந்து நின்றேன். என்மேல் முழுக்கத் தண்ணீர்.

"பறந்துச்சி பாத்தியா?" என்றார் அக்கா.

"பறந்தது கொக்குக்கா."

"எதுவோ பறந்துச்சில்ல" என்று ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் கேட்டேன், எதுக்காக இந்தக் கூத்து என்று.

அவருக்கு ஒரே பெண். கட்டினவர் சீக்கிரமே போய்விட்டதால், மூட்டை தூக்க, கணக்குப் பார்க்க, மலைக்குப் போகும்போதெல்லாம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாமை வாங்குகிற வீட்டுப் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. இருவரும் மாலையும் கழுத்துமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். தகவல் கேட்டு அக்கா ஓடினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அக்காவின் வாய் வேறு வாய். சந்தையில் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவர் திட்ட ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்பார்களாம். ஒரு முறை சொன்ன வசவை மறுமுறை சொல்லமாட்டாராம். அந்த வாய் அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில், அத்தனை பேர் முன்னால், "எனக்குப் பொண்ணே இல்ல, இன்னியோட தல முழுகிட்டேன்" என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்கவில்லை. அங்கிருந்த குழாயில் ஒரு குடம் பிடித்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈரப் புடவையோடு பஸ் ஏறி ஊர் வந்துவிட்டார். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருந்த மகள் கண்ணெதிரே செய்தார்.

"அவங்க வெளைக்கிற சாமை ஆவும், அவங்க வூட்டுப் புள்ள ஆவாதா?" என்றேன். நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஆவாதுன்னுதான் அன்னிக்கி இருந்துச்சி தம்பி. இன்னிக்கி என் வாயத்தான் ஆவாதுன்னு வச்சிருக்கேன்."

ஒரு வருடம் கழித்து மறுபடி மலை ஏறியிருக்கிறார், சாமை வாங்குகிற சாக்கில். மகள் வீட்டுக்கும் பாதைக்கும் நடுவே ஓடை. மருமகன் வந்து, "அத்த, ஓடையத் தாண்டி வரவேணாம்னு சொல்றா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து இக்கரையில் ஒரு பலாமரத்தடியில் அக்கா உட்கார்ந்திருப்பார். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வருவான். அளந்து வாங்கிக்கொண்டு, எதிர்ச் சரிவில் இருக்கும் அந்தத் தகர ஷீட்டு வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார். மகள் வெளியே தலை காட்டமாட்டாள். மூன்று வருடமாக இதுதான்.

"ஒரு நாள் கடைசி பஸ்ஸு முந்திக்கிச்சி, ராத்திரி அந்தப் பலா மரத்தாண்டயே தங்கிட்டேன்" என்றார். "முழிச்சிப் பாத்தா இன்னும் விடியல. மலைக்குக் கீழ பூராவும் மேகம், பால் சட்டி கணக்கா. வடகெழக்குல ஒரு வெளிச்சம் எழுந்துச்சி தம்பி. நட்சத்திரம்னா நவுராதே. இது ஏறுது. ஏறிக்கினே போவுது, பின்னால வெள்ளையா நூல் நூலா வுட்டுக்கினு. அந்த நூலுக்கு மட்டும் சூரியன் வந்துடுச்சி, நமுக்கு இன்னும் வரல. எந்த வூட்டுலயோ 'ராக்கெட்டு ராக்கெட்டு'ன்னு கத்தறாங்க. எதுத்தாப்புல கதவு தொறந்துச்சி. அவதான். தல கலைஞ்சி, போர்வையப் போத்திக்கினு வாசல்ல வந்து நின்னா. அது மேல போய்க்கினு இருந்த வரைக்கும் அவ உள்ள போவல. நான் ராக்கெட்ட எங்க பாத்தேன்? அவளத்தான் பாத்தேன். அப்பறம் வெளிச்சம் மறைஞ்சிது. கீழ பாத்தா, என்னப் பாத்தா, கதவச் சாத்திக்கினா."

சொல்லிவிட்டு ஏரிமண்ணை ஒரு பிடி எடுத்து விரல் வழியே ஒழுகவிட்டார். கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

"கூப்ட்டுப் பாத்தீங்களா அக்கா? ஒரு தடவையாச்சும்?"

"இன்னான்னு கூப்புடுவேன்? வாயத் தொறந்தா எது வந்து வுழும்னு யாருக்குத் தெரியும்? ஒரு தடவ வுழுந்ததே போதும். ராக்கெட்டு வாயத் தொறக்காதில்ல. அவ பேச வேணாம். வெளிய வந்து ஒரு வாட்டி மேல பாத்தாப் போதும்."

"எழவு, பாத்துடலாம்க்கா" என்றேன். இந்தத் தடவை அவர் நெற்றியில் தட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஏரியில் பத்துப் பதினைந்து தடவை விட்டிருப்போம். இறக்கையை நேராக்கினேன். களிமண்ணைக் கூட்டினேன். லாபம் என்றதும் இழுக்க என் கை பழகிவிட்டது. பனைமர உயரம் போயிற்று, அப்புறம் ரெண்டு பனை, அப்புறம் எங்களால் அளக்க முடியாத உயரம். மேலே ஒரு நொடி நிற்கும். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அந்த ஒரு நொடிக்காக நான் கடையைப் பூட்டிவிட்டு வர ஆரம்பித்தேன். ராத்திரி கண்ணை மூடினாலும் அது மேலே நின்றது.

ஆவணியில் ஒரு நாள் மலை ஏறினோம். நான் சாக்கில் கால் பம்பும் கவ்வியும், அக்கா மடியில் பாட்டில், குழந்தையைப் பிடித்த மாதிரி. கண்டக்டர், "உள்ள இன்னாம்மா கீது?" என்றார். "காத்து" என்றார் அக்கா. வளைவு ஏற ஏற மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சீட்டுகள் நனைந்தன. எதிரில் இருப்பவர் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அந்த பஸ் சாலையில் போகிறதா வேறெங்காவது போகிறதா என்றே எனக்குச் சந்தேகம். வெள்ளிமலையில் இறங்கி, ரெண்டு மைல் நடந்து, பலாமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம் மேலே ஏறி, மத்தியான வெயில் வந்திருந்தது.

ஓடையில் முழங்காலளவு தண்ணீர். ரெண்டே எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். எதிரே ஷீட்டு வீடு, கூரை மேல் டிவி டிஷ், வாசலில் காயப்போட்ட துணி. கதவு சாத்தியிருந்தது. மருமகன் கொல்லைக்காட்டுக்கு வேலைக்குப் போயிருக்க வேண்டும், ஆள் அரவம் இல்லை. உள்ளே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். மத்தியான சீரியல்.

அக்கா ஓடைத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்தார். நான் மிதித்தேன். முள் அறுபதைத் தொட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு, "எண்ணுங்க" என்றேன்.

"அஞ்சு" என்றார். அப்புறம் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சரிதான் என்று நானே எண்ணினேன். நாலு, மூணு, ரெண்டு என்று வந்து, "லாபம்!" என்று மலை அதிரக் கத்தி இழுத்தேன்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஓடைத் தண்ணீர் வெள்ளைத் தண்டாகத் தரையில் ஊன்ற, பாட்டில் அதன் மேல் ஏறிப் போயிற்று. மரங்களைத் தாண்டிற்று. சரிவின் விளிம்பைத் தாண்டிற்று. வெயில் அதற்குள் புகுந்து, பச்சைப் பொட்டாக மினுங்கி, மேகத்துக்குக் கீழே போய் நின்றது. நின்றது. மலை முழுக்கச் சத்தமே இல்லாத மாதிரி இருந்தது.

ஆனால் கதவு திறக்கவில்லை.

டிவிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அத்தனை மாத உழைப்பு, அத்தனை உயரம். மேலே பார்க்க வேண்டியவள் உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா ராக்கெட்டைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பலாமரத்து வேரில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கல்லை எறியலாம் போல இருந்தது.

கல் தேவைப்படவில்லை. குடைத்துணி பாதிதான் விரிந்தது. காற்று அதை ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளிற்று. களிமண் மூக்கோடு பாட்டில் நேராக வந்து டமாரென்று டிஷ்ஷின் நெற்றியில் விழுந்தது. டிஷ் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. உள்ளே டிவியில் அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று ஓய்ந்தார்கள்.

கதவு திறந்தது.

"எந்தப் பாடையில போறவன்டா எங்கூட்டு டிஷ்ஷு மேல எறிஞ்சது? கை வெளங்காமப் போவ! நீ கட்டையில போவ! ஒங்கூட்டுல கொள்ளி வைக்க!" தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தாள். கூரையைப் பார்த்தாள். குடைத்துணி சுற்றித் தொங்கிய பாட்டிலைக் கம்பால் இழுத்துப் போட்டாள். குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள், ஓடைக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்துவிட்டாள்.

வாய் நின்றது. அக்கா எழுந்து நின்றார். போயிற்று, உள்ளே போய்க் கதவைச் சாத்தப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீயா?" என்றாள். அடுத்த மூச்சில் முன்னைவிட ரெண்டு மடங்கு சத்தம். "ஏ கெழவி! ஒனக்கு வேற பொழப்பே இல்லியா? மூணு வருசமா அந்த மரத்தாண்ட பொணமாட்டம் குந்திக்கினு என் உசுர வாங்கற! வர, அளக்கற, பாக்கற, போற! வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த? வராதன்னா வரமாட்டியா? நான் சொன்ன பேச்ச என்னிக்கிடி நீ கேட்ட, இத மட்டும் கேக்கற? டேசன்ல அத்தினி பேரு முன்னாடி அவ்ளோ பேசின வாயி, ஒரு வாட்டி எம்பேரச் சொல்லிக் கூப்புட்டா அழுகியா பூடும்? நாசமாப் போனவளே! திட்டறதுக்காச்சும் தொறந்தியா அந்த வாய?"

நான் படி தட்டும் சத்தத்தை எதிர்பார்த்து அக்காவைப் பார்த்தேன். பாடை, கொள்ளி, பொணம், நாசம் என்று அவர் வருடக்கணக்காக விரட்டிய சொல்லெல்லாம் ஓடையைத் தாண்டி வந்து அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா கோடை மழையில் நிற்கிறவரைப் போல முகத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"திட்டறா தம்பி" என்றார். "என்னத் திட்டறா. ஒரு வார்த்தகூட ரெண்டாம் வாட்டி வரல பாத்தியா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது தெரிந்தது. பாட்டிலைக் கம்பு மாதிரி ஓங்கிக்கொண்டு, "அங்கியே நில்லு. எங்கியாச்சும் நவுந்த, கால ஒடைச்சிடுவேன். இதோ வரேன்!" என்று சரிவில் இறங்க ஆரம்பித்தாள்.

"வரேன்னுட்டா" என்றார் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவே வராளா?"

"வராக்கா."

"கையில இன்னா?"

"நம்ம ராக்கெட்டுதான். அடிக்காம வுடமாட்டா போல."

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "அடிக்கட்டும்" என்று ஓடையில் காலை வைத்தார்.

நான் பம்பையும் கவ்வியையும் சாக்கில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தேன். அங்கே நின்று பார்க்க எனக்கென்ன உரிமை? மேகம் மறுபடி பாதைக்கு வந்துவிட்டது. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் ஓடைப் பக்கமிருந்து திட்டு மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்று காது கொடுத்தேன். இப்போது இரண்டு பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.